இரண்டு பக்கமும் விளக்கு

சாரல் நடுவில் மட்டும் விழவில்லை.

எப்சிபாவுக்கு முதலில் அது வசதியாகத்தான் பட்டது. உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் அது. எண்பது வருடமாக ஒரு விமானத்தையும் பார்க்காத சிமெண்ட் தரை, வெடிப்புக்கு வெடிப்பு எருக்கு முளைத்துக் கிடக்கும். குற்றாலத்து மலையிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்த சாரல் அதன் இரண்டு ஓரங்களையும் நனைத்து, காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தை மூடியிருந்த தார்ப்பாயில் பொரி விழுகிற மாதிரி சடசடத்துக்கொண்டிருக்க, நடுவில் பத்தடி அகலத்துக்கு மட்டும் தரை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. மேலே யாரோ குடை பிடித்த மாதிரி.

"காஞ்ச தடம் ஜெஸி, வழுக்காது. இன்னைக்கு நேரத்துக்குள்ள முடிச்சிரணும்."

"நின்னுக்கிட்டு சொல்லுதது லேசு. ஓடிப் பாரு, தெரியும்," என்றாள் தங்கை, ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே.

திங்கட்கிழமை ஜெஸிக்குப் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. நானூறு மீட்டர். போன தடவை அதே ஓட்டத்தில் எப்சிபா இரண்டு வினாடி வித்தியாசத்தில் தோற்றாள். கடைசி வளைவில் பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தாள். இப்போது வயதும் தாண்டிவிட்டது. வீட்டிலேயே முதல் டிகிரி அவளுடையது. அதை வைத்துக்கொண்டு குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில், குளித்துவிட்டு எண்ணெய் வடிய வருகிறவர்களுக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுக்கிறாள். அந்த எரிச்சல் முழுவதையும் தங்கையின் காலில் இறக்கியிருந்தாள். ஆறு மாதமாக ஒரே பாட்டு: "என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாத. நானே கூப்பிட்டாலும் நிக்காத. கோட்டத் தாண்டுன பெறவுதான் நிக்கணும்."

மேலகரத்து மைதானம் முழுக்க சீசன் வண்டிகள். அதனால்தான் இங்கே வந்திருந்தார்கள். ஆறு மணிக்கே மேகம் இருட்டிவிட்டதால், சுற்றுலாக்காரர்கள் வீசிய தண்ணீர் பாட்டில்களை அறுத்து, சர்ச்சில் மீந்த மெழுகுவர்த்திகளை உள்ளே நிறுத்தி, தடத்தின் இரண்டு பக்கமும் வைத்திருந்தாள் எப்சிபா. பக்கத்துக்கு இருபது.

சோளத்துக்குக் காவலிருந்த பரமசிவன் அதைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"ஏ பிள்ள, ஒரு பக்கத்து விளக்க எடு. இங்கன காயப்போடுத ஆளுவ ஒரு பக்கந்தான் வைப்பாவ. ரெண்டு பக்கமும் வச்சா, இறங்க வழி காட்டுன மாதிரி."

"எதுக்கு அண்ணாச்சி வழி?"

"சண்டைக்குப் போன பிளேன் ஒண்ணு. திரும்பி வரும்போது இதே மாதிரி சாரல். விளக்கு வைக்க வேண்டியவன் உறங்கிட்டான். விடிய விடிய மேலயே சுத்துச்சாம். பெறவு சத்தமில்ல. விழுந்த எடத்த ஒருத்தரும் பாக்கல."

"எம்பது வருசத்துக்குச் சேத்து பெட்ரோல் போட்டிருப்பானோ?"

ஜெஸி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "படிச்ச பிள்ளைய. சொன்னா கேக்கவா போறிய," என்று சோளத்துப் பக்கம் போய்விட்டார்.

ஜெஸி மேற்குக் கோடிக்கு நடந்தாள். அவளுடைய மஞ்சள் பனியன் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியானது. எப்சிபா இந்தக் கோடியில், ஓட்டம் முடிகிற சுண்ணாம்புக் கோட்டருகே நின்று, செல்போனில் நேரத்தை ஓடவிட்டு, விசில் ஊதினாள்.

முதலில் அது சத்தமாகவே இல்லை. பல்லில் ஒரு கூச்சம், அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு அதிர்வு, அதன் பின்னாலேயே கருகிய எண்ணெயும் நனைந்த தோலும் கலந்த ஒரு நாற்றம், பூட்டியே கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி. நாற்பது சுடரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. காய்ந்த தடம் அகலமாகிக்கொண்டிருந்தது. தார்ப்பாயின் சடசடப்பு நின்றது. அவள் கையில் விழுந்துகொண்டிருந்த சாரலும் நின்றது.

ஜெஸி வந்துகொண்டிருந்தாள். நல்ல வேகம்.

அவளுக்குப் பின்னால் மலை இல்லை.

மேகம் மறைக்கவில்லை. மேகமும் இல்லை. கறுப்பு. அது தாழ்ந்துகொண்டே வந்தது.

"ஜெஸி! ஓரத்துக்கு வா! ஓடாத ஏட்டி!"

ஜெஸிக்குக் கேட்டது. முகத்தில் தெரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமெடுத்தாள். திரும்பவில்லை. நிற்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே.

எப்சிபா வலது வரிசைக்குப் பாய்ந்தாள். முதல் பாட்டிலை உதைத்தாள். அடுத்ததை. தங்கையை நோக்கி ஓடிக்கொண்டே உதைத்தாள். ஏழு. எட்டு. ஒரு பக்கம் இருண்டால் போதும். ஒன்பது.

ஜெஸியின் கால் தரையை விட்டது.

ஒரு சாண். முழங்கால் உயரம். ஆள் உயரம். அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். கை வீச்சு மாறவில்லை. ஷூ எதன்மேலோ பட்டது. டப். டப். டப். எப்சிபாவின் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கடந்து போனது. கோட்டுக்கும் மேலே, கால் அதில் படாமலே. எட்டிப் பிடிக்க முடியாத உயரம். ஜெஸியின் கண் நேராக முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

சாரல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விழுந்தது. நடுவிலும்.

பரமசிவன் ஓடி வந்தார். சாய்ந்து கிடந்த பாட்டில்களைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"இறங்கும்போது அணைச்சிட்டியே, தாயி."

அவள் தரையில் தவழ்ந்து பாட்டில்களை நிமிர்த்தினாள். தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. ஒன்றை ஏற்றி அடுத்ததற்குப் போவதற்குள் முந்தினது அணைந்தது. எதிர்வரிசையில் பரமசிவன் தன் உள்ளங்கைகளால் ஒரு சுடரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. செல்போனில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினொரு நிமிடம். நாற்பது. ஒரு மணி நேரம்.

மேலே, மேகத்துக்குள், ஷூ சத்தம் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. டப். டப். டப். மலைப் பக்கம் போய்த் தேய்ந்து, திரும்பி, அவள் தலைக்கு நேராக வந்து, மறுபடியும் மலைப் பக்கம்.

வேகம் குறையவேயில்லை. கோட்டைத் தாண்டாமல் ஜெஸி நிற்க மாட்டாள்.