திரும்பி வரும் மூச்சு

பெஞ்சுக்கு அடியில் ஜெபராணியின் கால்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"உக்காந்த இடத்திலயே ஓடுதியே, ஏட்டி," என்றாள் பக்கத்தில் இருந்த பேச்சியம்மாள்.

"நீ மட்டும் என்னவாம்?"

பேச்சியின் விரல்களும் முழங்காலில் தாளம் போட்டபடி இருந்தன. மாநிலக் கபடி அணித் தேர்வுக்காகத் தூத்துக்குடி உள்ளரங்குக்கு வந்திருந்த எல்லாப் பெண்களின் காதுக்குப் பின்னாலும் அயர்வடக்கியின் பச்சைப் புள்ளி மின்னியது.

சாம்பல் காய்ச்சல் ஊரை விட்டுப் போய் நாளாகிவிட்டது. ஆனால் கிருமி ஒழிந்த பிறகும், அது தொட்டவர்களின் மூளை காவலை விலக்கவில்லை. தசையில் வலு இருந்தும், நோய் இன்னும் இருப்பதாக நம்பி, 'படு, அசையாதே' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஜெபராணி பல் தேய்த்த களைப்பில் மறுபடி படுத்துக்கொண்ட காலைகள் உண்டு. அந்தக் குரலை அடக்க வந்த கருவிதான் அயர்வடக்கி. பேச்சியைப்போல் காய்ச்சலே காணாதவர்களும், களைப்பே வேண்டாமென்று அதை வாங்கி ஒட்டிக்கொண்டார்கள்.

ஜெபராணிக்கு இதுதான் கடைசித் தேர்வு. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

விசில் ஊதியது. "கபடி கபடி" என்று அவள் கோட்டைத் தாண்டிப் பாய்ந்தாள். ஒருத்தியைத் தொட்டாள், இன்னொருத்தியையும். திரும்பியிருக்கலாம். போதும் என்று உள்ளே எதுவும் சொல்லவில்லை.

எதிரணியில் நின்ற பேச்சி மெல்லச் சொன்னாள்: "யாரும் பிடிக்காதீக. அவளுக்குத் திரும்பத் தோணாது. சும்மா தள்ளி நில்லுங்க."

ஜெபராணி கடைசிக் கோடுவரை துரத்தினாள். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூச்சு முடிந்து, பாட்டு தொண்டையில் அறுந்தது. நடுவர் கையைத் தூக்கினார்.

அடுத்துப் பேச்சி பாடி வந்தபோது ஜெபராணியின் அணியும் தள்ளி நின்றது. பேச்சிக்கும் அதே கதி. இடைவேளைவரை பாடப் போன ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை.

தேர்வாளர் தங்கபுஷ்பம், பழைய ஆட்டக்காரி, எழுந்து வந்தார். "போறதுக்கு எல்லாருக்கும் தெரியுது. திரும்பணும்னு தோணுற ஒருத்தி வேணும் எனக்கு. உங்கள்ல யாருக்காவது களைப்புன்னு ஒண்ணு இருக்கா?"

கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் சிலர் தலை குனிந்தார்கள்.

ஜெபராணி அயர்வடக்கியைப் பிய்த்தாள்.

"கிறுக்கா உனக்கு? விழுந்துருவ," என்றாள் பேச்சி.

ஈர மணல் மூட்டைபோல் களைப்பு தோளில் வந்து உட்கார்ந்தது. கால்கள் ஆடுவதை நிறுத்தின. கையை உயர்த்தவே பாடாக இருந்தது.

"எனக்கு இருக்கு, மேடம்."

"எவ்வளவு தூரம் போவ?"

"கொஞ்சந்தான். அதுல பாதி, திரும்பி வர."

தங்கபுஷ்பம் களத்தைக் காட்டினார். ஜெபராணி போனாள், ஒருத்தியைத் தொட்டாள், உள்ளே குரல் எழுந்ததும் திரும்பி நடுக்கோட்டில் விழுந்தாள்.

பேச்சியும் தன்னுடையதைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆட்டம் முடிந்தது. விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள்.

"ஏட்டி, அந்தக் களைப்பு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

பேச்சியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.