போதுமணி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. மடியில் இருக்கும் பிள்ளை மடியிலேயே இருக்கட்டும். செவ்வாய்க் கிரகத்தில் நடக்கப்போகிற கதை ஒன்றை, நடந்து முடிந்தது போலவே சொல்கிறேன்.

அங்கே மனிதர்கள் கண்ணாடிக் கூரைக்கு அடியில் தெருத்தெருவாகக் குடியிருந்தார்கள். விடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தெருமுனையில் நிறையன் என்ற இயந்திரத்தின் தட்டில் ஏறி இறங்கிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகும். ஒரு பிள்ளையின் எடை எல்லை தாண்டினாலும் அந்தத் தெருவிளக்குகள் எல்லாம் சிவக்கும். செவ்வாயின் ஈர்ப்பு குறைவு. அங்கே கூடுதல் சதை காலுக்குக் கனக்காது, சத்தமில்லாமல் இதயத்தைத்தான் தின்னும். அதனால் பிள்ளைகளின் உடம்பு தெருவின் பொறுப்பு என்று சட்டம் வைத்திருந்தார்கள். பிறந்ததும் வயிற்றுக்குள் கடுகளவில் ஒரு போதுமணியும் பொருத்துவார்கள். சாப்பாடு போதுமான அளவுக்கு வந்துவிட்டால், வெளியே கேட்கும்படி அது கிணுகிணுவென்று ஒலிக்கும்.

ஏழாம் தெருவில் திலகராணியின் மகள் நாச்சிக்கு எட்டு வயது. அவளால் விளக்குகள் சிவந்து கிடந்தன. புழுதிக்காலம் தொடங்குவதற்குள் இளைக்காவிட்டால் அவளை மலைக்கு அப்பால் உள்ள மெலிவகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு வருடம். தாய் கூடப் போக முடியாது.

தெரு கூடியது. ரொசாரியோ மாமா பள்ளி ஊர்தியை நிறுத்திவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் நடத்தியே கூட்டிப்போனார். பலகாரக்கடை ஜெபமணி அக்கா எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். மாலையில் பெரியவர்களும் சேர்ந்து பாண்டி ஆடினார்கள். செவ்வாயில் ஒரே தாவலில் மூன்று கட்டம் தாண்டலாம்.

நாச்சி இளைத்தாள். ஒரு காலை விளக்குகள் பச்சையாயின.

"இது முதல் எடை. உறுதி எடை ஒரு வாரத்தில் எடுக்கப்படும்," என்றது நிறையன். அதற்குள் யாரோ கைதட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று மாலையே ஜெபமணி சட்டியை நிமிர்த்தினாள்.

"வேண்டாங்க்கா. இன்னொரு எடை இருக்கு," என்றாள் திலகராணி.

"நல்ல சேதிக்கு வாய் இனிக்க வேண்டாமா? ஒரே ஒரு அதிரசம். உம்மவளுக்காகத்தான் இத்தனை மாசம் என் கடையே மூடிக் கிடந்துச்சு."

திலகராணி ஒதுங்கி வழிவிட்டாள். மறுநாள் ரொசாரியோ மாமா வீட்டில் கேக்.

"அவ வீட்டுல தின்னுட்டு என் வீட்டுல வேண்டாம்னா, நான் என்ன வேத்தாளா?"

வாரம் முழுக்க வீட்டுக்கு வீடு விருந்து நடந்தது. ஒவ்வொருவரும் ஒரு வாய்தான் ஊட்டினார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"போதும் மாமா," என்றாள் நாச்சி.

"மணிக்கும் குஷி, பாரு," என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

உறுதி எடையன்று விளக்குகள் சிவந்தன. நிறையன் யாரையும் திட்டவில்லை. "எல்லை தாண்டியது," என்று மட்டும் சொன்னது. மெலிவகத்தின் ஊர்தி வந்து நின்றது. திலகராணி மகளுக்குத் தலை பின்னினாள். பின்னியதை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். வேறொன்றும் தோன்றவில்லை.

தெருவே வழியனுப்ப வந்தது. எல்லார் கையிலும் ஒரு டிபன் டப்பா. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டியும் விட்டார்கள்.

"ரொம்ப தூரம். வழியில பிள்ளைக்குப் பசிக்கும், திலகா," என்றாள் ஜெபமணி.

திலகராணி டப்பாக்களை ஒவ்வொன்றாக வாங்கி மகளின் மடியில் அடுக்கினாள். கதவு மூடியது. தெருமுனை திரும்பும்வரை ஊர்திக்குள்ளிருந்து கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. தெரு கையசைத்துக்கொண்டே நின்றது.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளை 'போதும்' என்று சொன்னால், அது காதில் விழுகிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.