ஒளி வளையம் காணோம்!

"ஐயோ... சார்!"

அலறியவள் ஆராய்ச்சிக்கூடத்தின் இளம் விஞ்ஞானி. மைக்ராஸ்கோப் மேஜையடியில் புரொபசர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்... மூச்சு மட்டும் இழைந்துகொண்டிருந்தது.

மேஜையைப் பார்த்தாள். அடுத்த அதிர்ச்சி!

கண்ணாடித் தகடு காலி. அதில் ஒட்டியிருந்த ஒளி வளையத்தைக் காணோம்!

தலைமுடியைவிட மெல்லிய படிகம் அது. ஊசி முனையால் நெம்பி நெம்பி அவள் வளையமாக்கியது. ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினால் வளைவோடு வளைவாக ஓடும், கம்பியில் கரண்ட் ஓடுகிற மாதிரி.

ஆம்புலன்ஸ் புரொபசரை அள்ளிக்கொண்டு பறந்தது. போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இறங்கிய இன்ஸ்பெக்டர் அவளுடைய சொந்த அக்கா!

"இந்த ரூமுக்குள்ள யார் யாருடி வருவீங்க?"

"நானும் சாரும்தான்க்கா."

"அப்ப இவதானே!" குறுக்கே பாய்ந்தார் லேப் மேனேஜர். அக்காவின் கணவர். "நான் இந்த வாசப்படியைக்கூட மிதிச்சதில்ல. கெமிக்கல் வாடையே எனக்கு ஆகாது!"

அக்கா தங்கையைப் பார்த்தாள். அது அக்கா பார்வை இல்லை... போலீஸ் பார்வை!

தங்கை மேஜை டிராயரிலிருந்து டார்ச் ஒன்றை எடுத்தாள்.

"படிகத்தைத் தொட்டா துகள் ஒட்டிக்கும்க்கா. புற ஊதா டார்ச் அடிச்சா பச்சையா மின்னும். லைட்டை அணை."

இருட்டு. டார்ச் உயிர்பெற்றது.

அவளுடைய விரல்களே பச்சையாக மின்னின!

"பார்த்தியா... பார்த்தியா!" மேனேஜர் துள்ளினார்.

"தினமும் தொடறவ நான். மின்னத்தான் செய்யும்." டார்ச்சைச் சட்டென்று திருப்பினாள். "வாசப்படியே மிதிக்காத உங்க சட்டைக் கை ஏன் மின்னுது அத்தான்?"

மேனேஜர் கையைப் பின்னால் மறைத்தார்.

அக்காவின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு கணவனின் சட்டைப் பைக்குள் நுழைந்தது. மாத்திரை டப்பா! உள்ளே பச்சையாக ஏதோ மின்னியது.

"போட்டிக் கம்பெனிக்காரன் கேட்டான்... எடுக்கறப்ப புரொபசர் பார்த்துட்டார்... பயத்துல பிடிச்சுத் தள்ளிட்டேன், மேஜை விளிம்புல பின்மண்டை இடிச்சு விழுந்துட்டார்... நான் உன் புருஷன்டி!"

"அதை ஸ்டேஷன்ல சொல்லுங்க."

க்ளிக்! விலங்கு விழுந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். புரொபசர் கண் விழித்துவிட்டார்!

பெருமூச்சோடு டப்பாவை லென்ஸுக்கடியில் வைத்த தங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என்னடி?"

"கண்ணாடியில ஒட்டியிருக்கற வரைக்கும்தான்க்கா அது வளையம். அத்தான் சுரண்டி எடுத்ததும் நிமிர்ந்துடுச்சு. இப்ப வெறும் நேர்க்குச்சி!"

அக்கா கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விடுடி... இந்தக் கேஸ்ல நேரா இருக்கறது அது ஒண்ணுதான்!"