நீல டேப் ஒட்டிய இடமெல்லாம்

மாடியறைக் கதவின் கைப்பிடியில் ஒட்டியிருந்த நீல டேப்பின் ஓரம் ஈரமாக இருந்தது. யாரோ பல்லால் கடித்துக் கிழித்து அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போனதுபோல. பஸீலா விரலை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். போன வியாழக்கிழமை அவளே வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துப் பூட்டியபோது ஒரு டேப்கூட மிச்சமில்லை. வாசலில் முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடந்தது. இன்று மதியம் அவளும் மகள் மஹாவும் நடந்துவந்த தடத்தைத் தவிர வேறு காலடி எதுவும் அதில் இல்லை. ராத்திரி பெய்த பனி எந்தத் தடத்தைத்தான் விட்டுவைக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

பத்து மாதமாக அவள் உயிரை வாங்கிய வீடு அது. கலிபோர்னியாவில், டாஹோ ஏரிக்கு வடக்கே, ட்ரக்கி ஊரைத் தாண்டி, பைன் மரங்களுக்கு நடுவே மலைச்சரிவில் தனியாக நின்ற பழைய மரவீடு. குபெர்டினோவில் கம்பெனி நடத்தும் அச்சுதன் விடுமுறைக்கென்று அதை வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பைப் பஸீலாவிடம் விட்டிருந்தார். எட்டு வருடம் பிறர் பெயரில் சமையலறை வரைந்து கொடுத்தவளுக்குத் தன் பெயரில் வாய்த்த முதல் வீடு. நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஸ்கீ வீக் என்று பிப்ரவரியில் ஒரு வாரம் விடுமுறை, புருஷன் முஆதுக்கோ ஆபீஸில் தலைபோகிற வேலை. அதனால் ஏழு வயது மஹாவையும் பின்சீட்டில் உட்காரவைத்து, சன்னிவேலிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டிவந்திருந்தாள்.

டேப் விஷயம் இதுதான். வேலை முடிகிற சமயத்தில் வீட்டுக்காரர் அறை அறையாகச் சுற்றிவருவார். பிசகிய இடத்தில், பிடிக்காத பொருளில், ஒரு துண்டு நீலக் காகித டேப்பை ஒட்டுவார். ஒட்டியதைச் சரிசெய்ய வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அக்டோபரில் முதல் டேப்புகள் தென்பட்டபோது பஸீலா அச்சுதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதல் சந்திப்பிலேயே அவர் சொல்லியிருந்தார்: "ஒவ்வொண்ணையும் வாயைத் தொறந்து சொல்லிட்டிருக்க எனக்கு டைம் இல்லம்மா. பாத்து புரிஞ்சுக்கிறவங்கதான் வேணும்." கேட்டால் புரியவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? நம் ஆட்களுக்கே உரிய வீம்பு இது. பெரிய மனிதர் வாய்விட்டுச் சொல்வதற்குள் செய்து முடித்து நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும்.

முதலில் நியாயமான டேப்புகள்தான். கணப்படுப்பில் கோணலாகப் பதித்த ஒரு கல், குளியலறையில் கண்ணைக் கூசவைத்த ஒரு விளக்கு. பிறகு டேப்புகள் மாடிக்கு ஏறின. மாடியின் கோடியில், பிள்ளைகள் படுக்கச் சுவரோடு சுவராக அடுக்குக் கட்டில்கள் பதித்த பங்க் ரூம். அங்கே திறந்து மூடும் பழைய ஜன்னலில் ஒன்று. அதை எடுத்துவிட்டுத் திறக்க முடியாத ஒரே தடித்த கண்ணாடியை வைத்தாள். கூரையிலிருந்த ஸ்மோக் அலாரத்தில் ஒன்று. டெலிபோனில் ஒன்று. இரண்டையும் கழற்றினாள். மூடும்போது படாரென்று அடித்துக்கொண்ட கதவில் ஒன்று. அதற்குச் சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொள்ளும் கீல் போட்டாள். மரவேலை பார்த்த ஹெக்டர் மட்டும் ஒருமுறை கையை நிறுத்திவிட்டு, "கிட்ஸ் ரூம், நோ?" என்று கேட்டான். வீட்டுக்காரருக்கு இப்படித்தான் வேண்டுமாம் என்று அவனிடம் சொன்னாள். மறுவாரம் அவன் வேலைக்கு வரவில்லை. வேறு ஆளை வைத்து முடித்தாள்.

இப்போது அதே அறைக் கதவின் உட்பக்கக் கைப்பிடி. வெளியிலிருந்து தள்ளினால் உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. கைப்பிடி இல்லையென்றால் உள்ளே இருப்பவர் எதைப் பிடித்து இழுப்பது? அவளுக்கும் தெரியாமலில்லை. ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது டேப் சொன்னதுதான் சரியென்று பட்டது. தரையிலிருந்து கூரைவரை ஓடிய வால்நட் பலகையில் அந்தப் பித்தளை மட்டும் உறுத்தியது. படம் எடுத்து முடித்ததும் திரும்ப மாட்டிவிடலாம். ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, துளைகளை மெழுகால் அடைத்து, கைப்பிடியைக் கீழே சமையலறையில் இருந்த பையில் கொண்டுபோய்ப் போட்டாள். கதவு மூடிவிடாமலிருக்க ஒரு கனத்த மர ஸ்டூலை முட்டுக்கொடுத்தாள்.

கட்டில்களில் செம்மறித்தோலை விரித்தாள், தலையணைகளைத் தட்டி நிமிர்த்தினாள். வீடு முழுக்கத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடியது, வெறுங்காலோடு நடந்தால் இதமாக இருக்கும். இந்த அறையில் மட்டும் காலுறைக்குள்ளும் குளிர் ஏறியது. புது வார்னிஷ் வாசனைக்கு அடியில் ஈரக் கம்பளியின் வாடை, நின்று முகர்ந்தால் இல்லை, குனிந்தால் இருந்தது. பனி பெய்யும்போது காடே பஞ்சில் பொதிந்ததுபோல் ஆகிவிடும். அந்த நிசப்தத்தில் தன் மூச்சுச் சத்தத்தோடு இன்னொரு மூச்சும் சேர்ந்து நிற்பதுபோல் தோன்றியது. இந்த வீட்டுக்குத் தன்னைப் பிடிக்கவேயில்லை என்று முதல் நாளிலிருந்தே அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு, யாரிடமும் சொன்னதில்லை.

கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மஹா தலையைத் தூக்கினாள். "உம்மா, கேன் ஐ ஸ்டே ஹியர்? இட்ஸ் சோ க்வயட்."

"இரு தங்கம். ஸ்டூலை மட்டும் நகத்தாதே. சார்கிட்ட ரெண்டு நிமிஷம் போன் பேசிட்டு வந்துடறேன்."

வீட்டுக்குள் செல்போன் எடுக்காது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நின்றால் இரண்டு கோடு வரும். மணி மூன்றரைதான், ஆனாலும் வெளிச்சம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அச்சுதன் உடனே எடுத்தார்.

"எல்லாம் ரெடி சார். நீங்க கடைசியா ஒட்டின டேப்பையும் இப்பதான் முடிச்சேன்."

"எந்த டேப்பும்மா?"

"பங்க் ரூம்ல சார். கைப்பிடியில. அப்புறம் அக்டோபர்லேர்ந்து நீங்க வந்து ஒட்டினது..."

"நானா?" சிரித்தார். "வாங்கின அன்னைக்கு வந்ததுதாம்மா. முடிஞ்சப்புறம் சர்ப்ரைஸா பாக்கணும்னு என் வைஃப் மாளவிகா என்னைப் போகவே விடலை. சாவியே உங்க ஒருத்தர்கிட்டதானே இருக்கு?"

பஸீலா மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினாள். ஜன்னல். அலாரம். டெலிபோன். சத்தமில்லாத கதவு. கைப்பிடி. எல்லாமே ஒரே அறை. எல்லாம் அவள் கையால்.

நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் மஹா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் பஸீலாவைப் பார்க்கவில்லை. முகத்தை உயர்த்தி, தன்னைவிட உயரமான யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் நின்றாள்.

போன் பனியில் விழுந்தது. பஸீலா ஓடினாள்.

மாடி நடையில் ஸ்டூல் சுவரோரமாக ஒழுங்காக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு நீல டேப். கதவு மூடியிருந்தது. தள்ளினாள். உடனே திறந்தது.

பயத்திலும் புத்தி வேலை செய்தது. உள்ளே போகாமல் வாசலில் நின்று, ஒரு காலால் கதவைத் தாங்கிக்கொண்டாள்.

"மஹா, வெளிய வா. இப்பவே."

மஹா கண்ணாடிக்கு முன்னால் விறைத்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. "ஐ'ம் நாட் சப்போஸ்ட் டு மூவ்."

"யாரு சொன்னா?"

மகளின் கண்கள் பஸீலாவின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தன.

வாசலுக்கும் மகளுக்கும் நடுவே நாலே எட்டு. பஸீலா பனிக்காலணி ஒன்றைக் கழற்றிக் கதவிடுக்கில் அழுத்திச் செருகினாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஆரம்பித்தாள், இரண்டாவது வரி வரவில்லை. சின்ன வயதிலிருந்து தூக்கத்திலும் ஓதியது, வரவில்லை. ஓடிப்போய் மகளின் கையைப் பற்றினாள். கை ஐஸாக இருந்தது. இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

காலணி கட்டிலுக்கடியில் இருந்தது, நேராக.

கதவு மூடியிருந்தது.

ஒரு சத்தமும் இல்லை. பலகையில் நகத்தைப் பதித்துத் தேடினாள். இடுக்கு எங்கே என்றே தெரியவில்லை. அவ்வளவு துல்லியமான வேலை. யாருக்கும் கதவென்றே தெரியக்கூடாது என்று நின்று செய்யவைத்தவள் அவள்தான்.

"உம்மா."

"இங்கதான் இருக்கேன். உம்மா இங்கதான் இருக்கேன்."

சர்ர்ர்.

காதோரத்தில். சுருளிலிருந்து டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம்.

மஹாவின் நெற்றியில் ஒரு நீலத் துண்டு. ஒட்டிய கை இல்லை. நெற்றித் தோல் மட்டும் மெல்லக் குழிந்தது. கட்டைவிரல் அகலக் குழி. அது இடமிருந்து வலமாக, டேப்பை நீவியபடி, அவசரமே இல்லாமல் நகர்ந்தது.

பஸீலா அலறிக்கொண்டு டேப்பைப் பிய்த்தாள்.

அந்த இடத்தில் நெற்றி இல்லை. ரத்தம் இல்லை, காயம் இல்லை. டேப் அளவுக்கு ஒரு நீளத் துண்டு மஹா இல்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளி வழியாக, கண்ணாடிக்கு வெளியே பனி பெய்துகொண்டிருப்பது தெரிந்தது.

"உம்மா, வாட் டிட் யூ டூ?"

சர்ர்ர்.

இந்த முறை அகலமான துண்டு. வாயையும் மூக்கையும் சேர்த்து மூடியது. குழி வந்து நீவிவிட்டுப் போனது. மஹா மூச்சை இழுத்தாள். நீலக் காகிதம் உள்ளே குழிந்தது, நின்றது, மறுபடி குழிந்தது. கண்கள் பெரிதாகி உம்மாவைப் பார்த்தன.

பஸீலாவின் விரல்கள் டேப்பின் ஓரத்தைப் பற்றியிருந்தன. பிய்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.