எறும்பு காத்த செடி

பள்ளி விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் திவ்யலட்சுமி பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள். குனிந்து செடிகளைப் பார்த்தாள். நேற்றைவிட இன்று இன்னும் மஞ்சள்!

பக்கத்து வீட்டு லீலாபாய் டீச்சர், மகளைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தார். பலா மர நிழலில் மூன்று அசேலியாச் செடிகளை அவர் வைத்திருந்தார். என்றும் இலை உதிராத மலைச்செடி. பொன்முடிப் பக்கமிருந்து கொண்டுவந்து, திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அதைப் பிழைக்க வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

"மோளே, மண்ணு காயாமப் பாத்துக்கோ. பூ விரியறதுக்குள்ள நான் வந்திருவேன்" என்று சொல்லி, கேட் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது இரண்டு செடிகளில் இலையெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

"டீச்சர் வந்ததும் நீயும் இதே நிறமாயிருவ பாரு" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினான் அண்ணன் சுதீஷ்.

"போடா!" என்றாள். அழுகை வந்துவிட்டது.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள். அவள் அப்பா தாணுமாலயனுக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. பெயிண்ட், ஆணி, மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புத் தூள். அதைக் கும்மாயம் என்பார்கள். தென்னை காய்க்கவில்லையா, வாழை வாடுகிறதா, அப்பாவிடம் ஒரே மருந்துதான்.

"மூட்டுல, வேரடியில, ஒரு பிடி கும்மாயம் போடு மக்கா."

"முன்னாடியே போட்டேன் அப்பா."

"அப்பம் இன்னொரு பிடி போடு. ஒண்ணும் பேடிக்காண்டாம், பயப்படாமப் போடு."

காலையில் கை நிறையக் கும்மாயத்தோடு போனாள். முதல் செடியின் அருகே குனிந்தவளின் கண், மூலையிலிருந்த மூன்றாவது செடியில் பட்டது. அது மட்டும் கரும்பச்சையாக, மொட்டும் தளிருமாக நின்றது.

இதற்கு மட்டும் என்ன செய்தோம்?

யோசித்தாள். ஒன்றுமே செய்யவில்லை! அதற்கு மேலே தாழ்ந்திருந்த பலாக் கிளையில் செவ்வெறும்புக் கூடு. கிட்டே போகப் பயந்து, தூர நின்று தண்ணீரை மட்டும் வீசியிருந்தாள். அதன் அடியில் கும்மாயம் இல்லை. மக்கிய பலா இலைகள்தான் மெத்தையாகக் கிடந்தன.

நல்லது என்று நினைத்துப் போட்டதுதான் கெடுத்துவிட்டது! கையிலிருந்த தூளைக் காகிதத்தில் கொட்டித் தூர வைத்தாள்.

பிறகு தேங்காய்ச் சிரட்டையால் வெள்ளை படிந்த மேல்மண்ணைச் சுரண்டினாள். அடியில் மயிர்போல வேர்கள் தெரிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் மெல்ல வழித்தாள். அந்த இடத்தில் போட மக்கிய இலை வேண்டுமே! எறும்புக் கூட்டுக்கு அடியில் அல்லவா இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அள்ளினாள், ஓடினாள், "ஆ, ஊ" என்று குதித்தாள், மறுபடியும் போனாள்.

அதன்பின் தினமும் பார்த்தாள். மஞ்சள் மாறவே இல்லை. நடுவில் நல்ல மழை பெய்தது. அப்போதும் மாறவில்லை. அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

டீச்சர் வந்துவிட்டார். மூன்றாவது செடியில் ரோஸ் நிறத்தில் பூ விரிந்திருந்தது. ஆனால் டீச்சர் மஞ்சள் செடிகளைத்தான் பார்த்தார்.

"நான்தான் டீச்சர், கும்மாயம் போட்டேன். ஆகாதுன்னு தெரியாது. எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஆனா சரியாகலை."

டீச்சர் குனிந்து ஒரு கிளையை நிமிர்த்தினார்.

"இது புளிப்பு மண்ணு கேக்கற செடி, சுண்ணாம்பு ஆகாது. மஞ்சளான இலை அத்தனை லேசுல பச்சையாகாது மோளே. நுனியைப் பாரு."

நுனியில் அரிசியளவில் இளந்தளிர். பச்சைப் பசேலென்று! அடுத்த செடியிலும் ஒன்று. திவ்யலட்சுமி சிரித்தாள், கூடவே அழுதாள்.

அப்போது கேட் திறந்தது. கையில் பொட்டலத்தோடு அப்பா.

"வந்தாச்சா டீச்சர்! செடி வாடிச்சுன்னு மோளு சொன்னா. நல்ல புதுக் கும்மாயம் கொண்டாந்திருக்கேன்."

"அப்பா, வேண்டாம்!" என்று மகள் கத்துவதற்குள் அவர் தலை பலாக் கிளையிலிருந்த எறும்புக் கூட்டில் இடித்துவிட்டது.

மறுகணம் பொட்டலம் ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமும் பறக்க, தாணுமாலயன் கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.