பார்வை போகும் பக்கம்

விராலிமலையில் இறங்கி மினி பஸ் மாறி, சிவரஞ்சனி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. வெயிலில் தார் ரோடு இளகியிருந்தது. சுற்றிலும் கடலைக் கொல்லை, நடுவில் தனியாக ஒரு புது வீடு. எங்கோ ஒரு மயில் அகவியது.

“வா தங்கச்சி. கிளியைக் கொண்டாரலையா?” என்று சிரித்தாள் வனிதா. நெற்றியில் பெரிய பொட்டு. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“வெறும் அட்டைதான்க்கா.”

சிவரஞ்சனி டாரட் என்னும் பட அட்டைகளைப் போட்டுக் குறி சொல்கிறவள். எழுபத்தெட்டுப் படங்கள். முகம் பார்த்துப் பேசக் கூச்சம் என்பதால் இரண்டு வருடமாகப் போனிலேயே பார்த்து வந்தாள். வனிதாதான் விடாமல் அழுது வரவழைத்திருந்தாள். அட்டைக்கு ஒன்றும் தெரியாது என்பது சிவரஞ்சனிக்குத் தெரியும். எந்தப் படத்தைச் சொன்னதும் கேட்பவர் குரல் மாறுகிறதோ, அங்கிருந்து கதையைப் பிடித்துக்கொள்வாள்.

கரண்ட் இல்லை. ஹாலின் இடப்பக்கம் படுக்கையறை. அதன் கதவை வெளியே தாழிட்டிருந்தார்கள். உலராத துணியை மடித்து வைத்தது போல அங்கிருந்து ஒரு வாடை வந்தது.

வனிதா குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுக்குப் போயி நாப்பது நாளாச்சு. பதினஞ்சு நாளு தவறாம பேசுனாரு. பதினாறாம் நாள்லேருந்து போனே இல்ல. கம்பெனிக்குப் போட்டா எடுக்க ஆளில்ல.”

“ம்.”

“அன்னிக்குத்தான் அந்த ரூம்ல கட்டில் சத்தம் கேட்டுச்சு. அவரு பொரண்டு படுத்தா கேக்குமே, அதே மாதிரி. அதுலேருந்து நான் ஹால்லதான் படுக்கிறேன்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?”

“என்னன்னு சொல்லச் சொல்றே?” வனிதா நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “உள்ள இருக்கிறது அவருதானான்னு மட்டும் பாத்துச் சொல்லிரு. இந்தப் பொட்டை வச்சுக்கலாமா, அழிச்சிரணுமா, எனக்குத் தெரியணும்.”

சிவரஞ்சனி டைல்ஸ் தரையில் உட்கார்ந்து அட்டைகளைக் கலைத்தாள். அவள் அட்டைகளை வரிசையாக வைக்கமாட்டாள். படத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ, அந்தப் பக்கம்தான் அடுத்த அட்டை. ஒருவரின் பார்வை இன்னொருவரிடம் போய்ச் சேரும்போதுதான் அர்த்தம் கிடைக்கும் என்பது அவளுடைய வழக்கம்.

முதல் அட்டை, ஆறு வாள்கள். முதுகு காட்டி ஓடத்தில் போகிறவர்கள்.

“தண்ணி தாண்டிப் போறது” என்றாள்.

அவர்கள் பார்க்கும் பக்கம், நேர் முன்னால் இரண்டாவது. எட்டுக் கோப்பைகள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைப்பக்கம் நடக்கிற ஒருவன். இவனுக்கும் முதுகுதான் தெரிந்தது.

அவனுக்கும் முன்னால் மூன்றாவது. துறவி. இருட்டில் தனியாக நிற்கிற கிழவன், கையில் விளக்கு. இடப்பக்கமாகத் திரும்பியிருந்தான்.

இடப்பக்கம் படுக்கையறை.

நான்காவது அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையை எடுத்தாள்.

அட்டை வழுக்கியது.

காத்தாடி ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது.

அது டைல்ஸில் மெல்லத் தேய்ந்துகொண்டே போய், படுக்கையறை நிலைப்படியில் முட்டி நின்றது.

நான்கு வாள்கள். கல்லறை மேல் கை கூப்பிப் படுத்திருக்கும் ஒருவன்.

சிவரஞ்சனி முதல் அட்டையிலிருந்து மறுபடி பார்த்தாள். நான்கும் ஒரே ஆள். தண்ணீர் தாண்டியிருக்கிறான், எல்லாவற்றையும் விட்டு நடந்திருக்கிறான், விளக்கோடு நின்றிருக்கிறான், பிறகு படுத்துவிட்டான். விளக்கு மட்டும்தான் இதில் ஒட்டவில்லை.

“அக்கா, இங்க விளக்கு ஏதும் ஏத்துனீங்களா?”

வனிதாவின் முகம் வெளிறியது.

“அவரு கெளம்புன அன்னிக்கு... விடியக்காலம் வேன் போச்சு. பால் கொட்டி எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு. தூக்கக் கலக்கத்துல வீடு பூரா தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். கரண்ட் வேற இல்ல. கட்டிலை நகத்திட்டு, அவரு படுத்திருந்த எடத்துல ஒரு வெளக்க வச்சேன். வெளக்கு எரியிறதைப் பாத்தப்புறந்தான் நான் என்ன செஞ்சிருக்கேன்னு ஒறைச்சுச்சு.”

சிவரஞ்சனிக்கும் உறைத்தது. ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூட மாட்டார்கள். வீடு முழுக்கக் கழுவி, படுத்திருந்த இடத்தில் விளக்கு வைப்பது பிணம் எடுத்த பிறகு செய்வது.

உள்ளே கட்டில் முனகியது.

“கேட்டியா? சொல்லு. அவருதானே?”

அந்தக் கண்களை அவளால் பார்க்க முடியவில்லை. போனில் என்றால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். குனிந்தபடியே ஆமாம் என்று தலையசைத்தாள்.

வனிதா கத்தவில்லை. உள்ளங்கையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பொட்டு புருவம்வரை சிவப்பாக இழுபட்டது.

அப்போது போன் அடித்தது.

தெரியாத நம்பர். வனிதா அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கரும் சேர்ந்து அழுந்தியது.

“ஏ புள்ள, நாந்தான் நாகராசு.”

வனிதா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கம்பெனில போனைப் புடுங்கி வச்சுக்கிட்டாய்ங்க புள்ள. பாஸ்போர்ட்டு நேத்துத்தான் கைக்கு வந்துச்சு. நல்லாத்தான் இருக்கேன். அட, எதுக்கு அழுவுறே?”

“உசிரோட இருக்கீங்களா?” வனிதா அழுதுகொண்டே சிரித்தாள். “என் சாமி, உசிரோட இருக்கீங்களா?”

சிவரஞ்சனி சிரிக்கவில்லை. அவள் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு அட்டையும் ஒரே ஆள்தான். அதில் பிழையில்லை. ஆள்தான் வேறு. வீடு கழுவியிருக்கிறது, விளக்கு எரிகிறது, படுக்க இடமும் இருக்கிறது என்று எங்கிருந்தோ பார்த்து வந்த யாரோ.

“வெள்ளிக்கிழமை வந்துருவேன்” என்றான் நாகராசு. “நம்ம ரூமைக் கூட்டித் தூத்து வையி. வந்து நிம்மதியாத் தூங்கணும்.”

வனிதாவின் சிரிப்பு நின்றது.

படுக்கையறையில் யாரோ கட்டிலைவிட்டு இறங்கினார்கள். ஈரக் கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி, கதவுவரை வந்தன.

பிறகு, உள்பக்கத் தாழ்ப்பாளைப் போடும் சத்தம்.