முருகேசு பெயரில் கரண்ட்

வீட்டில் ஒரு பல்புகூட இல்லாதபோது மீற்றர் ஓடிக்கொண்டிருந்தது.

மதீசன் முதலில் கண்ணைத்தான் சந்தேகித்தான். கெலர் என்று இங்கே எல்லோரும் சொல்கிற நிலவறையில், ஈரச் சுண்ணாம்பும் பழைய சைக்கிள் ரயரும் சேர்ந்து நாறுகிற மூலையில், வீட்டுக்கு ஒன்றாகக் கறுப்பு மீற்றர்கள் சுவரில் வரிசையாக இருந்தன. அவனுடையதின் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய தகரத் தட்டு, சிவப்புக் கோடு முன்னால் வந்து, மறைந்து, மறுபடி வந்து, அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே இரண்டாம் மாடியில் வெறும் சுவரும் தரையும்தான். முன்னர் இருந்தவர்கள் பல்புகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

இத்தனை வருடமும் அகதி விடுதியிலும் அடுத்தவன் அறையிலும் கிடந்தவன். அங்கெல்லாம் கரண்ட் சுவரில் இருந்தது. யாரிடம் கேட்டு வாங்குவது என்று அவன் யோசித்ததில்லை. ஜெர்மனியின் ஹம் நகரத்தில் யாரையும் தெரியாமல், தன் பெயரில் எடுத்த முதல் வீடு இது. வீடு காட்டினால்தான் விசா. விசா கிடைத்துவிட்டது. மனைவி சிவமலரும் மகள் தீப்தியும் வரப்போகிறார்கள். மூன்று வயது மகளை அவன் கைபேசியில்தான் பார்த்திருக்கிறான். அவள் பிறக்குமுன் புறப்பட்டவன், ஒருமுறையும் தூக்கியதில்லை. அவள் வரும்போது வீடு வெளிச்சமாகவும் சூடாகவும் இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மீற்றர் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு மின்சாரக் கொம்பனிக்குப் போன் அடித்தான். ஒரு பெண் பெயரைக் கேட்டாள். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த இடத்தில் தகப்பன் பெயர் போய் நின்றுகொள்ளும். முருகேசு என்றான். அது நீங்களா என்றாள். அது அப்பாவின் பெயர் என்று தன் அரைகுறை ஜெர்மனில் விளக்கினான். அவள் நீளமாக ஏதோ திருப்பிக் கேட்டாள். அதில் அப்பா, குடியிருப்பது என்ற இரண்டு சொற்கள்தான் பிடிபட்டன. யா, யா என்றான். யா, அதாவது ஆம், என்று சொன்னால் ஜெர்மன்காரர்கள் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.

அவர்கள் அனுப்பிய கடிதத்தை அலோசியஸ் அண்ணைதான் வாசித்துச் சொன்னார். மன்னார் ஆள், வேலையிடத்தில் பழக்கம், கார் வைத்திருப்பவர்.

"கொப்பர் முருகேசுவையும் வீட்டில சேர்த்துப்போட்டாயடா. ரெண்டு பேர் எண்டு கிடக்கு. பாதி வாடகையை மனுசனிட்டக் கேள்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் ஞாபகம் வந்தது. தாடையைச் சொறிந்துகொண்டு, பிறகு மாத்தலாம் என்றார்.

விஷயம் இதுதான். மதீசன் சிறுவனாக இருந்தபோது ஒரு பின்னேரம் அப்பா மண்ணெண்ணெய் வாங்கப் புறப்பட்டார். மணிக்கூட்டை எப்போதும்போல மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். 'போட்டு வாறன்' என்று, திரும்பி வருகிறவர்கள் சொல்கிற மாதிரி, சொல்லவில்லை. 'போறன்' என்றார். திரும்பி வரவில்லை. அம்மா இன்றுவரை அந்தச் சொல்லைத்தான் குற்றம் சொல்கிறாள், சந்தியில் துவக்கோடு நின்றவர்களை அல்ல. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களையும் வாசலோடு அனுப்பிவிட்டாள்.

மேல்மாடியோடு பேசவும் முடிகிற வாசல் மணிப் பலகையில் வீட்டுக் காவலாளி MURUGESU என்று மட்டும் எழுதி ஒட்டினான். இங்கே வழக்கம் அதுதான். மதீசன் அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். பெருமைக்குத்தான். அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அப்பான்ர பேரை வாசலில போட்டிட்டாய். இனி மனுசன் வீடு தெரியாமல் அலையாது."

அதன் பிறகு வீடு மாறியது. வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், அணைத்துவிட்டுப் போன குசினி லைற் எரிந்துகொண்டிருக்கும். கேத்திலின் வயிற்றில் கை வைத்தால் இளஞ்சூடு இருக்கும். தீப்திக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் மட்டும், அவன் தொடவே தொடாத ஹைசுங் என்கிற சுவர்ச் சூடேற்றி, முழுச் சூட்டில் திருகப்பட்டுத் தண்ணீர் ஓடுகிற சத்தத்தோடு மெல்ல முனகிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டுக்குள் ஒரு மணம். புதுப் பெயின்ற் என்று சொல்லிக்கொண்டான். யன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் யன்னல் சாத்தியிருந்தது. மணம் அப்படியே இருந்தது. மண்ணெண்ணெய்.

காவலாளி படிக்கட்டில் மறித்து, வீட்டுச் சூட்டை அளக்கிற கருவியை மாற்ற ஆட்கள் வந்து போனதாகச் சொன்னான். பகலில் நான் வேலையில் இருந்தேனே, யார் கதவைத் திறந்தது என்று மதீசன் கேட்டான். உங்கள் அப்பாதான் என்றான் அவன். நல்ல மனிதர், ஒரு சொல் ஜெர்மன் தெரியாது, பாவம். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு, அவர் யோகா செய்பவரா என்று கேட்டான். எதைக் கேட்டாலும் ஓம், ஓம் என்கிறாராம்.

மதீசன் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓம் என்றால் எங்கள் பாஷையில் யா என்று அவனுக்குச் சொல்லவில்லை.

கொம்பனிக்கு மறுபடி அடித்தான். ஓர் ஆளை எடுத்துவிட வேண்டும் என்றான். இந்த முறை ஓர் ஆண். நிதானமாக, மதீசனுக்கு விளங்குகிற மாதிரியே பேசினான். அப்பா வேறு வீட்டுக்குப் போய்விட்டாரா? இல்லை. இறந்துவிட்டாரா? இறந்திருந்தால் சான்றிதழ் அனுப்பலாம் என்றான் அவன். அது இல்லை என்றான் மதீசன். அப்படியென்றால் இப்போது எங்கே இருக்கிறார்? தெரியாது.

அப்படியானால் உங்களோடுதான் இருக்கிறார் என்றான் அந்த ஆள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தான். அந்தச் சான்றிதழை ஒருக்கால் வேண்டித் தாங்கோ, இஞ்ச அலுவலுக்குத் தேவை என்றான். அம்மா அழவில்லை.

"வந்த மனுசனைத் துரத்தப் பாக்கிறியோ?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வேறு வீடு தேடினான். கிடைக்கவில்லை. பெயர்ப் பட்டியைக் கிழித்தான். காவலாளி சிரத்தையாகப் புதிது ஒட்டினான். வீடு சரியில்லை, பயணத்தைப் பின்போடு என்று சிவமலருக்குச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். பத்துப் பேர் காதில் போட்டிருப்பார்கள், வெளிநாட்டில் அவனுக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று. ரிக்கற்றும் எடுத்தாயிற்று.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் தீப்தி அவனிடம் வரவில்லை. கையை நீட்டினான். தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரிட்டாள். பழக்கமில்லாத முகம், நாலு நாளில் சரிவரும் என்றார் அலோசியஸ் அண்ணை. கார் வடக்கே ஓடியது. மார்கழி மாதம், நாலு மணிக்கே இருட்டுக் கட்டியது. இன்று இரவு உங்கள் வீட்டில் நிற்கலாமா என்று மதீசன் மெல்லக் கேட்டான். அவர் சிரித்தார்.

"லூசே, சொந்த வீட்டை வைச்சுக்கொண்டு என்ர குசினியிலயோ படுக்கப்போறாய்?"

வீட்டுத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. நடுத்தெருவில் நின்றார்கள். பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. பிள்ளைக்கு ஒண்டுக்கு வருது, அடக்க ஏலாது என்றாள் சிவமலர். மறுபடி ஹோர்ன். கதவைத் திறக்கவென்று அவள் கை நீட்டினாள். மதீசன் திறப்புகளைக் கொடுத்துவிட்டான், அவள் பிள்ளையோடு இறங்கினாள்.

கொடுத்த பிறகுதான் கொடுத்தது தெரிந்தது. கார் அதற்குள் நகர்ந்துவிட்டது. "அண்ணை, நிப்பாட்டுங்கோ." நிறுத்த முடியவில்லை. மூலை திரும்பி, அடுத்த தெரு, அதற்கும் அடுத்தது. சிவப்பு விளக்கு. கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

வாசல் கதவு சாத்தியிருந்தது. அண்ணாந்து பார்த்தான். இரண்டாம் மாடியில் சின்ன அறை யன்னல் மட்டும் மஞ்சளாக எரிந்தது.

மணியை அழுத்தினான்.

மணிப் பலகைக்குள் ஒரு கரகரப்பு. மூச்சு. தண்ணீர் ஓடுகிற முனகல். அதற்குப் பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. கைபேசியில் கேட்ட அதே சிரிப்பு.

"சிவமலர்."

பலகையோடு வாயை வைத்தான்.

"சிவமலர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ வா."

"ஓம்" என்றது ஓர் ஆண் குரல்.

உலோகப் பலகையின் துளைகளில் மண்ணெண்ணெய் மணத்தது. மதீசன் எல்லா மணிகளையும் அழுத்தினான். யாரும் திறக்கவில்லை. கதவில் தோளால் இடித்தான். அது அசையவில்லை.

"அப்பா" என்றான். "கதவைத் திறவுங்கோ."

கரகரப்பு நின்றது. குரல் இப்போது மிகத் தெளிவாக, அன்பாக, காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"தம்பி, நாங்கள் போட்டு வாறம்."

இந்த முறை சரியாகச் சொன்னது.

மதீசன் தெருவுக்குப் பின்வாங்கினான். மேலே பார்த்தான். யன்னலில் தீப்தி. யாரோ தூக்கி வைத்திருந்தார்கள். அழவில்லை. அவளுடைய சின்னக் கையை இன்னொரு கை பிடித்து, கண்ணாடிக்குப் பின்னால் அவனுக்கு ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. மெல்ல. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். அந்தக் கையின் மணிக்கட்டில், உட்பக்கமாக, ஏதோ மின்னியது.

பிறகு கரண்ட் போனது.